என் பதினொருவரும் அவர்களின் இணைகளும்

இலங்கையின் எல்லாக் காலத்துக்குமான டெஸ்ட் அணியைத் தெரிவு செய்யச் சொன்னால் பலரும் முதலில் சராசரிப் பட்டியலைத்தான் விரிக்கிறார்கள். மேலிருந்து ஆறு துடுப்பாட்ட வீரர்கள், ஒரு விக்கெட் காப்பாளர், நாலு பந்துவீச்சாளர்கள். அப்படித் தெரிந்த அணியில் பெரிய பிழை வராது. ஆனால் ஓர் ஆட்டத்தைக்கூடப் பாராத கணக்காளரும் அதை எழுதிவிடலாம். நான் தெரியும் முறை வேறு. என் கண்ணுக்குக் கிரிக்கெட் வீரர் எவரும் தனியே வருவதில்லை. முரளிதரன் என்றதும் சிலிப்பில் குனிந்து நிற்கும் மஹேல ஜயவர்தனவும் சேர்ந்தே வருகிறார். அரவிந்த டி சில்வா என்றதும் மறுமுனையிலிருந்து ஆறுதலாக நடந்து வந்து ஓர் ஓட்டம் எடுக்கும் அர்ஜுன ரணதுங்க வருகிறார். ஆகவே இணைகளையே முதலில் தெரிகிறேன். இணைகள் சரியாக வாய்த்தால் பதினொரு பேரும் தாமாகவே வந்து சேர்வார்கள்.

இதற்கு ஒரேயொரு நிபந்தனை வைத்திருக்கிறேன். மைதானத்திலோ தொலைக்காட்சியிலோ நான் என் கண்ணால் பார்த்தவராக இருக்க வேண்டும். இந்த நிபந்தனையால் வெளியே நிற்கும் முதல் ஆள் மகாதேவ சதாசிவம். இலங்கை, சிங்கப்பூர், மலாயா என்று மூன்று நாடுகளுக்குத் தலைமை தாங்கியவர். 1947 இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் எடுத்தவர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் என் தகப்பனார் வயதுக்காரர் அந்த 215 ஐ நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். அவர்கள் சொன்னதை நான் முழுக்க நம்புகிறேன். ஆனால் அது அவர்களுடைய அணி. காதால் கேட்ட ஓட்டங்களை வைத்து என் அணியை நிரப்ப எனக்கு மனம் வரவில்லை.

இரத்மலானையில் இருந்துகொண்டு இந்தப் பேச்சைத் தவிர்ப்பது கடினம். வடக்கே கல்கிசையில் புனித தோமஸ் கல்லூரி, தெற்கே துலீப் மெண்டிஸைத் தந்த மொரட்டுவை. நடுவில் விமான நிலையமும் ரயில்வே தொழிற்சாலையும் எங்கள் இந்துக் கல்லூரியும். பின்னேரங்களில் ஒழுங்கைகளில் சொஃப்ட் போல் ஆடும் பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழிலும் பாதிப் பேர் சிங்களத்திலும் சண்டை பிடிப்பார்கள். ஆட்டமிழப்பு எது, இல்லாதது எது என்பதில் மட்டும் இரண்டு மொழிக்கும் ஒரே சட்டம்தான். பெரியவர்கள் மதிலோரம் நின்று தேநீரோடு அணி தெரிவார்கள். அப்படிப் பல வருடங்களாகத் திருத்தித் திருத்தி வந்த அணிதான் இது.

முதல் இணை: பந்து முரளி, பிடி மஹேல.

டெஸ்ட் வரலாற்றில் ஒரு பந்துவீச்சாளருக்கு விக்கெட் காப்பாளர் அல்லாத ஒரு களத்தடுப்பாளர் எடுத்த பிடிகளில் ஆக அதிகமானவை இந்த இருவருடையவை: 77. இந்த இலக்கத்தின் பெருமை அதன் பின்னால் உள்ள வேலையைத் தெரிந்தால்தான் விளங்கும். முரளி விரலால் மட்டும் சுழற்றியவர் அல்லர். மணிக்கட்டால் சுழற்றினார். பிறப்பிலேயே முற்றாக நீட்ட முடியாத முழங்கை, அசாதாரணமாகத் திரும்பும் தோள், அவற்றோடு ரப்பர் போன்ற மணிக்கட்டு. கையை விட்ட பந்து முதலில் மேலே எழும், பிறகு துடுப்பாட்ட வீரர் எதிர்பார்த்த இடத்துக்கு ஒரு முழம் முன்னால் சட்டென்று இறங்கும், அதன் பின்னர்தான் திரும்பும். எந்தப் பக்கம் திரும்பும் என்பது தூஸ்ரா வந்த பிறகு இன்னும் பெரிய கேள்வி. உலகத்தின் மிகச் சிறந்த துடுப்பாட்ட வீரர்கள் அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் நின்றபோது, சிலிப்பில் நின்ற மஹேலவுக்கு விடை தெரிந்திருக்க வேண்டியிருந்தது. தெரியாவிட்டால் பந்து துடுப்பின் விளிம்பில் பட்டு வரும்போது அவருடைய நிறை தவறான காலில் இருந்திருக்கும்.

மஹேல அந்த இடத்தில் நின்ற விதத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு நாளைக் கழிக்கலாம். மற்றவர்கள் பந்து வருமுன்பே கையை விறைப்பாக்குவார்கள். அவர் கைகள் கடைசிக் கணம் வரை தளர்ந்தே இருக்கும். பந்தைப் பறிக்க மாட்டார். வர விட்டு வாங்குவார். டெஸ்டில் 205 பிடிகள் எடுத்தவர் பாய்ந்து விழுந்து எடுத்தவை எத்தனை என்று யோசித்தால் மிகச் சிலவே ஞாபகம் வரும். விழத் தேவையில்லாத இடத்தில் அவர் முன்பே நின்றார்.

அந்த இணையின் கடைசிப் பிடி காலியில் விழுந்தது. 2010 ஜூலை, இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட். 792 விக்கெட்டுகளோடு இருந்த முரளி, இதுவே என் கடைசி டெஸ்ட் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார். எட்டு விக்கெட் தேவை. இன்னும் ஒரு தொடரில் ஆறுதலாக எடுத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஏழு வந்துவிட்டது. இந்தியாவின் கடைசி இணையாக இஷாந்த் சர்மாவும் பிரக்யான் ஓஜாவும் நின்று தடுத்துக்கொண்டே இருந்தார்கள். மறுமுனையில் லசித் மாலிங்கவும் ரங்கன ஹேரத்தும் வீச வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவருக்கு விக்கெட் விழுந்தாலும் முரளியின் கணக்கு என்றென்றைக்கும் 799 இல் நின்றிருக்கும். கடைசியில் ஓஜாவின் துடுப்பில் பட்ட பந்து சிலிப்புக்குப் போனது. அங்கே நின்றவர் மஹேல. 800 ஆவது விக்கெட்டும் அதே இருவரின் பெயரில் பதிவானது. யாராவது கதையாக எழுதியிருந்தால் இவ்வளவு பொருத்தம் வேண்டாம் என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

இரண்டாவது இணையிலும் முரளியே இருக்கிறார். கூட இருப்பவர் அர்ஜுன ரணதுங்க. இதை இணைப்பாட்டம் என்று எந்தப் புள்ளிவிவரப் புத்தகமும் எழுதாது. 1995 டிசம்பர் 26 ஆம் திகதி மெல்போர்னில் நடுவர் டாரல் ஹேர் முரளியின் பந்தை எறிபந்து என்று ஏழு தடவை கைநீட்டினார். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள் முன்னிலையில் இருபத்து மூன்று வயதுப் பையன் ஒருவன். கண்டியில் பிஸ்கட் தயாரிக்கும் குடும்பத்துப் பிள்ளை. கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் வேகமாகப் பந்து வீசித் தொடங்கி, பயிற்றுநரின் சொல் கேட்டுச் சுழலுக்கு மாறியவன். அந்த நாளோடு அவன் கதை முடிந்திருக்கலாம். அர்ஜுன பந்தை அவனுடைய கையிலிருந்து எடுத்துவிடவில்லை. மறுமுனைக்கு மாற்றி மீண்டும் கொடுத்தார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் ரொஸ் எமர்சன் மறுபடி கைநீட்டியபோது, அணியையே எல்லைக்கோட்டருகே அழைத்துச் சென்று நின்றுகொண்டார். அவருடைய நடத்தை பற்றி அன்று பலர் பலவிதமாக எழுதினார்கள். அவர் அன்று யாருக்காக நின்றார் என்பது கொழும்பில் வாழ்ந்த தமிழருக்கு விளக்கம் தேவைப்படாத விஷயமாக இருந்தது. நாட்டில் போர். காலி வீதியில் சோதனைச் சாவடி சோதனைச் சாவடியாக அடையாள அட்டையை நீட்டிக்கொண்டிருந்த காலம். அந்தக் காலத்தில் ஒரு சிங்களத் தலைவர் ஒரு தமிழ்ப் பந்துவீச்சாளருக்காக உலகம் முழுதும் பார்த்திருக்க விரல் நீட்டிச் சண்டை பிடித்தார். அரசியலில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது என்று நான் பெருக்கிச் சொல்லமாட்டேன். கண்டதைச் சொல்கிறேன், அது எனக்குப் பெரிய விஷயம்.

அர்ஜுன வைத்த நம்பிக்கைக்கு வந்த பலன் 1998 ஓகஸ்டில் இலண்டன் ஓவல் மைதானத்தில் தெரிந்தது. நாணயச் சுழற்சியில் வென்று இங்கிலாந்தை முதலில் ஆடவிட்டார். அவர்கள் 445 எடுத்ததும் வர்ணனையாளர்கள் தலையில் கைவைத்தார்கள். முதலில் பந்து வீசினால் இரண்டு இன்னிங்ஸுக்கும் நடுவே முரளிக்கு ஓய்வு கிடைக்கும் என்பதே அர்ஜுனவின் கணக்கு. அந்த ஓய்வை ஜயசூரிய 213 ஓட்டங்களாலும் அரவிந்த 152 ஆலும் நீட்டிக் கொடுத்தார்கள். முதல் இன்னிங்ஸில் ஏழு எடுத்திருந்த முரளி, இரண்டாவதில் 54 ஓவர்களுக்கு மேல் வீசி 65 ஓட்டங்களுக்கு ஒன்பது எடுத்தார். மிச்சம் ஒன்று ரன் அவுட். பத்து விக்கெட்டால் வெற்றி. முரளியின் சாதனை என்று எழுதப்படும் அந்த டெஸ்டை நான் நான்கு பேரின் கூட்டு வேலையாகத்தான் பார்க்கிறேன். அந்த நால்வரும் என் அணியில் இருக்கிறார்கள்.

இனித் துடுப்பாட்டம். தொடக்கத்தில் ஜயசூரிய இருப்பதில் தர்க்கமில்லை. மாத்தறையிலிருந்து வந்தவர், முன்கையின் பலத்தில் பந்தைப் புள்ளித் திசையில் வெட்டி அடிப்பது அவர் கையெழுத்து. அவரோடு யார் என்பதில்தான் நான் பல இரவுகள் செலவழித்தேன். மனம் முதலில் போனது ரொஷான் மஹாநாமவிடம். 1997 ஓகஸ்டில் பிரேமதாச மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக இருவரும் சேர்த்த 576. ஜயசூரிய 340, மஹாநாம 225. இரண்டு முழு நாள்கள் விக்கெட் விழவில்லை. பிறகு அணியின் ஓட்டம் 615 ஆக இருக்கும்போது மஹாநாம போனார். ஒரு ஓட்டம்கூடக் கூடாமல் ஜயசூரியவும் போனார். ஒருவர் போனதும் மற்றவரின் கவனம் கலைந்தது என்பதை அதைவிடத் தெளிவாக ஓட்டப்பலகை சொல்ல முடியாது. அணி 952 இல் ஆட்டத்தை நிறுத்தியது.

ஆனாலும் நான் மார்வன் அத்தபத்துவைத் தெரிகிறேன். மஹாநாம அந்த நாளில் ஜயசூரியவின் துணை. அத்தபத்து பல வருடங்களுக்கு அவருடைய எதிர்த்தன்மை. ஒருவர் பந்தைத் தேடிப் போய் அடிப்பார், மற்றவர் பந்து தன் கண்ணுக்குக் கீழே வரும்வரை பொறுப்பார். ஒருவருடைய துடுப்பு குறுக்கே வரும், மற்றவருடையது முழங்கை உயர்ந்து நேராக வரும். பந்துவீச்சாளருக்கு ஓவருக்கு ஓவர் இரண்டு வெவ்வேறு ஆட்டங்கள் ஆட வேண்டிய நிலை. 2000 ஆம் ஆண்டில் கண்டியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு இவர்கள் சேர்த்த 335 ஐப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பாகிஸ்தானின் பந்துவீச்சை அன்று சோர வைத்ததில் ஜயசூரியவின் அடிகளுக்கு இருந்த பங்கு அத்தபத்து விட்டுவிட்ட பந்துகளுக்கும் இருந்தது.

அத்தபத்துவைத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் டெஸ்டில் ஆடிய முதல் ஆறு இன்னிங்ஸில் எடுத்தது மொத்தம் ஒரே ஓட்டம். 1990 இலிருந்து 1994 வரை மூன்று டெஸ்ட்கள். ஐந்து பூச்சியங்களும் ஒரு ஒன்றும். அந்த மனிதர் பின்னர் ஆறு இரட்டைச் சதங்கள் அடித்தார். சராசரிப் பட்டியல் பார்ப்பவர்களுக்கு அவர் ஒரு சாதாரண எண். பார்த்தவர்களுக்கு அவர் நிலத்தோடு ஓட்டி அடிக்கும் கவர் டிரைவ் உலகத்தின் அழகிய காட்சிகளில் ஒன்று.

மூன்றும் நான்கும் குமார் சங்கக்காரவும் மஹேலவும். 2006 ஜூலை, எஸ்.எஸ்.சி. மைதானம், தென்னாபிரிக்கா. டேல் ஸ்டெய்ன் இருவரை வீழ்த்தி 14 க்கு 2 என்றிருந்த நிலையிலிருந்து இந்த இருவரும் 624 ஓட்டங்கள் சேர்த்தார்கள். சங்கக்கார 287, மஹேல 374. எந்த விக்கெட்டுக்கும் டெஸ்டில் இதைவிடப் பெரிய இணைப்பாட்டம் இல்லை. ஆனால் எனக்குப் பிடித்தது அந்த எண்ணின் பருமன் அல்ல; அந்த இருவரின் கைகளுக்கு இடையிலான வேறுபாடு. இடக்கைக்காரரான சங்கக்கார ஒவ்வொரு அடியையும் கட்டி எழுப்புவார். முழங்காலை மடக்கி அடிக்கும் அந்தக் கவர் டிரைவில் அவர் பட்ட பாடு, செய்த பயிற்சி எல்லாம் தெரியும். மஹேலவின் அடியில் பாடு தெரியாது. பந்து அவரைத் தாண்டிப் போய்விட்டது என்று நினைக்கும் நேரத்தில் மணிக்கட்டை ஒரு சிறு திருப்புத் திருப்புவார். பந்து மூன்றாம் திசைக்கு ஓடிவிடும். உழைப்பையும் இயல்பையும் பற்றி மணிக்கணக்காகப் பேசுவதற்குப் பதில் அந்த இருவரை ஓர் ஓவர் பார்த்தால் போதும்.

சங்கக்காரவின் கையுறையைக் கழற்றிவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். விக்கெட் காப்பாளர் வேலை இல்லாதபோது அவருடைய துடுப்பாட்டம் வேறு உயரத்துக்குப் போனது. அது எல்லாருக்கும் தெரிந்த உண்மை. ஆனால் எனக்கு அதைவிட முக்கிய காரணம் பிரசன்ன ஜயவர்தன. ஸ்டம்புக்கு ஒட்டி நின்று சுழலுக்குப் பின்னால் அவரைப்போல் வேலை செய்தவரை நான் இலங்கை அணியில் கண்டதில்லை. பந்து எழும்போது அதனோடு சேர்ந்துதான் எழுவார், ஒரு கணம்கூட முந்தமாட்டார். கால் பக்கம் விழும் பந்தில் பெரும்பாலான காப்பாளர்களின் உடம்பு முழுதும் நகர்ந்து தடுமாறும். அவருடைய கைகள் மட்டும் போய் வாங்கிக்கொண்டு பெயிலுக்குத் திரும்பும். அவர் துடுப்பெடுத்தாடத் தெரியாதவர் என்று சொல்பவர்களுக்கு அஹமதாபாத்தை நினைவூட்டுவேன். 2009 இல் அங்கே மஹேலவோடு ஆறாவது விக்கெட்டுக்கு 351. பிரசன்ன ஆட்டமிழக்காமல் 154.

ஐந்திலும் ஆறிலும் அரவிந்தவும் அர்ஜுனவும். இந்த இணையைப் பற்றிப் பேச 1996 மார்ச்சில் முடிந்த உலகக் கிண்ணத்துக்குத்தான் போக வேண்டும். அது டெஸ்ட் அல்ல என்று என்னைத் திருத்த வருபவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். ஜனவரி 31 இல் கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் இங்கே வந்து ஆட மறுத்தன. அதற்குப் பதிலாக இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே அணியாக, ஒரே நிறச் சட்டையில், பெப்ரவரி 13 இல் பிரேமதாச மைதானத்துக்கு வந்தன. டெண்டுல்கர் வீச, வசீம் அக்ரம் பிடியெடுக்க, களுவிதாரண ஆட்டமிழந்தார். இணைகளைத் தேடித் திரியும் எனக்கு அந்த ஒரு வரி ஒரு பொக்கிஷம். அந்த ஆட்டத்தின் முடிவை யாரும் இன்று பேசுவதில்லை. அவர்கள் வந்தார்கள் என்பதே பேச்சு.

அரையிறுதியில் கொல்கத்தாவில் ஜயசூரியவும் களுவிதாரணவும் போனபோது அணியின் ஓட்டம் ஒன்று. அரவிந்த வந்து 47 பந்துகளில் 66 எடுத்தார். நான் பார்த்த ஒருநாள் இன்னிங்ஸ்களில் அதற்கு மேலே எதையும் வைக்கமாட்டேன், லாகூர்ச் சதத்தைக்கூட. எல்லாரும் பயந்திருந்த நேரத்தில் அவருடைய துடுப்புக்கு மட்டும் பயம் தெரியவில்லை. நான்கு நாளின் பின் இறுதியாட்டத்தில் அவர் மூன்று விக்கெட்டும் இரண்டு பிடியும் எடுத்து, ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களும் எடுத்தார். அசங்க குருசிங்கவின் 65 ஐ மக்கள் மறந்துவிடுகிறார்கள், மறக்கக் கூடாது. குருசிங்க போன பிறகு அரவிந்தவும் அர்ஜுனவும் பிரியாமல் 97 சேர்த்தார்கள். அரவிந்த சிறிய உருவம், பின்காலில் நின்று குட்டைப் பந்தைச் சுழற்றி அடிக்கும் வேகம். அர்ஜுன அவசரமே படாதவர். துடுப்பின் முகத்தைச் சற்றே திறந்து பந்தை மூன்றாம் திசைக்கு அனுப்பிவிட்டு நடந்து ஓட்டம் எடுப்பவர். ஒருவருடைய நிதானம் மற்றவருக்கு அடிப்பதற்கு நேரம் வாங்கிக் கொடுத்தது. அன்றிரவு காலி வீதி முழுதும் வெடிச் சத்தம். அது பட்டாசு என்று நம்ப எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கொஞ்ச நேரம் எடுத்தது.

பந்துவீச்சில் சமிந்த வாஸ் முதல் பெயர். புல் இல்லாத, உயிர் இல்லாத நம் ஆடுகளங்களில் 355 டெஸ்ட் விக்கெட் எடுத்த வேகப்பந்து வீச்சாளரின் பொறுமையை அளக்க வேறு அளவுகோல் இல்லை. இடக்கையால் உள்ளே வளைப்பார், பந்து பழசானதும் வெட்டி வீசுவார். 1995 இல் நேப்பியரில் நியூசிலாந்தின் பத்து விக்கெட்டுகளை எடுத்து, வெளிநாட்டில் இலங்கைக்கு முதல் டெஸ்ட் வெற்றியைத் தந்தவர் அவர். முரளியோடு அவருக்கு இருந்த உறவு விநோதமானது. ஒருவர் முனையில் ஓட்டம் வராததால் மற்றவர் முனையில் விக்கெட் விழும். 2002 ஜனவரியில் கண்டியில் சிம்பாப்வேயின் ஒன்பது விக்கெட்டையும் முரளி 51 ஓட்டங்களுக்கு எடுத்துவிட்டார். பத்தாவதும் அவருக்கே கிடைக்க வேண்டுமென்று நாடே காத்திருந்தது. அதை வாஸ் எடுத்துவிட்டார். பந்தைத் தவறாக வீசு என்று கையிடம் சொல்லலாம். வாஸின் கை அதைக் கேட்காது.

வாஸுக்கு எதிர்முனையில் லசித் மாலிங்க. முப்பது டெஸ்ட் மட்டும் ஆடியவருக்கு இடமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். நிமிர்ந்த கையால் வாஸ் வீசிய ஓவருக்குப் பின், இடுப்புயரத்துக்குச் சற்று மேலிருந்து கவண் கல்போல வரும் பந்தை எதிர்கொள்ளும் துடுப்பாட்ட வீரரின் கண் படும் பாட்டை யோசியுங்கள். ரத்கமவின் கடற்கரை மணலில் கற்ற வீச்சை எந்தப் பயிற்றுநரும் திருத்திக் கெடுக்கவில்லை. நம் கிரிக்கெட் செய்த மிக நல்ல காரியங்களில் அது ஒன்று. 2007 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக நான்கு பந்தில் நான்கு விக்கெட். அந்த ஆட்டத்தில் நாம் தோற்றோம் என்பதை நினைவுபடுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது; அவ்வளவு தூரம் அந்த நான்கு பந்துகள் மற்றதையெல்லாம் மறைத்துவிட்டன. காலியில் முரளியின் கடைசி டெஸ்டிலும் இரண்டாவது இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தவர் மாலிங்கதான்.

மிச்சமிருக்கும் ஓரிடம் ரங்கன ஹேரத்துக்கு. இந்தக் கற்பனை அணியை நான் தெரிவதற்கே பாதிக் காரணம் அவர். 1999 இல் காலியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அறிமுகமாகி, பிறகு பத்து வருடம் முரளியின் நிழலில் காத்திருந்தவர். வங்கி வேலை, இங்கிலாந்தில் கழக ஆட்டம். 2009 இல் அங்கிருந்து அவசரமாக அழைக்கப்பட்டு வந்து காலியில் இறங்கினார். வெற்றிக்கு 168 தேவைப்பட்ட பாகிஸ்தான் 117 இல் சுருண்டது. ஹேரத் 15 ஓட்டங்களுக்கு நான்கு. அதற்குப் பிறகுதான் உலகம் அவரைக் கவனித்தது. 433 விக்கெட்டுகளில் பெரும்பகுதி முரளி போன பின்னர் வந்தவை. டெஸ்டில் எந்த இடக்கைச் சுழல் வீரரும் அவ்வளவு எடுத்ததில்லை. அவர் பந்தைப் பெரிதாகத் திருப்பியவர் அல்லர். ஒரே கையசைவில் ஒன்று திரும்பும், மற்றது நேராகப் போகும், மூன்றாவது சற்று மெதுவாக வரும். குள்ளமான, கொஞ்சம் பருத்த அந்த மனிதர் நாலு அடி நடந்து வந்து பந்தை விடுவதைப் பார்த்தால் எங்கள் கந்தோரில் வேலை செய்யும் ஒருவர் என்றுதான் தோன்றும். பிறகு ஸ்டம்ப் விழும்.

முரளியும் ஹேரத்தும் இருவரும் தத்தம் உச்சத்தில் இருக்க, இரண்டு முனையிலிருந்தும் சேர்ந்து வீசியதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ஒருவர் உச்சத்தில் இருந்தபோது மற்றவர் வெளியே இருந்தார். வலக்கைக்காரருக்கு ஒருவர் பந்து உள்ளே திரும்ப, மற்றவர் பந்து வெளியே திரும்ப, ஸ்டம்புக்குப் பின்னால் பிரசன்ன, அவருக்குப் பக்கத்தில் மஹேல. காலம் பிரித்து வைத்த இணைகளைச் சேர்த்து வைப்பதற்கில்லாவிட்டால் ஒரு ரசிகன் எதற்காக அணி தெரிய வேண்டும்?

வெளியே விட்டவர்களில் இருவருக்காக மனம் உறுத்துகிறது. ஒருவர் ரோய் டயஸ். வெள்ளவத்தைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் புனித பீட்டர்ஸ் கல்லூரி தந்தவர். 1982 செப்டெம்பரில் சேப்பாக்கத்தில் துலீப் மெண்டிஸ் இரண்டு இன்னிங்ஸிலும் 105 எடுத்து எல்லாருடைய வாயிலும் இருந்தார். கூட நின்று 60 உம் 97 உம் எடுத்தவர் டயஸ். மெண்டிஸ் இடித்தார், டயஸ் வருடினார். கண்ணுக்கு இதமான துடுப்பாட்டம் மட்டுமே அளவுகோல் என்றால் அவரை நாலாம் இடத்தில் இறக்கிவிட்டு மஹேலவோடு பேசிப் பார்ப்பேன்.

மற்றவர் ஏஞ்சலோ மத்தியூஸ். இதில் என் மருமகனோடு வருடக்கணக்கான வழக்கு. “மத்தியூஸ் இல்லாமல் ஒரு டீமா, மாமா? லீட்ஸ் ஆட்டத்தை மறந்திட்டீங்களா?” என்பான். மறக்கவில்லை. 2014 இல் லீட்ஸில் 160 அடித்து, ஹேரத்தோடு எட்டாவது விக்கெட்டுக்கு 149 சேர்த்து, தலைவனாகத் தொடரை வென்று கொடுத்தவர். 2018 டிசம்பரில் வெலிங்டனில் குசல் மெண்டிஸோடு நாள் முழுதும் நின்று ஒரு விக்கெட்கூட விழவிடாமல் தோல்வியைத் தள்ளி வைத்தவர். அந்த இருவரின் பிரியாத 274, இணை என்றால் என்ன என்பதற்கு நான் காட்டக்கூடிய மிகச் சுத்தமான சாட்சி. தமிழ்த் தகப்பனின் பிள்ளை என்பதால் கொட்டாஞ்சேனையில் அவருக்கு இருக்கும் பாசமும் எனக்குத் தெரியும். ஆனால் ஆறாம் இடத்துக்கு அவரைக் கொண்டுவந்தால் அர்ஜுன போக வேண்டும். அர்ஜுன போனால் மெல்போர்னில் முரளியின் கையில் பந்தை மீண்டும் கொடுப்பது யார்?

ஆகவே மத்தியூஸ் பன்னிரண்டாமவர். ஆட்டம் பொரளை பி. சரவணமுத்து மைதானத்தில். தமிழ் யூனியன் கழகத்தின் வீடு, முரளியின் கழகம். 1948 இல் சதாசிவத்தின் தலைமையில் இலங்கை அணி பிராட்மனின் அணியை எதிர்கொண்ட இடம், 1982 இல் நம் முதல் டெஸ்ட் நடந்த இடம், 1985 இல் இந்தியாவை வென்று முதல் டெஸ்ட் வெற்றி கண்ட இடம். ஆடுகளத்தில் புல் இருந்தால் ஹேரத்துக்குப் பதில் மத்தியூஸை எடுக்கலாம் என்று மருமகனுக்கு ஒரு சலுகை கொடுத்திருக்கிறேன். ஆனால் மைதானத்தைத் தெரிவது நான். அங்கே நாலாம் நாள் பந்து திரும்பும். ஹேரத் ஆடுகிறார்.